உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லை

என் மனைவி கீழே விழுந்த கதையை நான் முதல் நிமிஷத்திலிருந்தே நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்கு முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வாகன விபத்துகளை விசாரிக்கிற வேலை. நசுங்கிய வண்டியையும் கட்டுப்போட்ட காலையும் பார்த்துவிட்டு, ஆள் சொல்கிற கதைக்கும் அடிபட்ட இடத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குறுக்கே நாய் வந்தது என்பார்கள். பாதிக் கேஸில் நாயே வந்திருக்காது. ரிட்டயராகி நாலு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. லிஃப்ட் ரிப்பேருக்கு வருகிறவரையும் மாவு அரைத்து விற்கிற அம்மாளையும் அதே கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை ஏழேகாலுக்குப் பார்க்கில் நடந்துவிட்டுத் திரும்பினேன். மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில், பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. கதவு திறந்திருந்தது. கூடத்துச் சோபாவில் அவள் உட்கார்ந்திருந்தாள், வலது கை மடியில் கிடந்தது. கீழ்வீட்டுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து துண்டில் ஐஸ் கட்டியைச் சுற்றி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பள்ளிக்கூட டீச்சர், நாற்பது வயதிருக்கும்.

கோயிலுக்குப் போனாளாம். பூக்காரம்மா தண்ணீர் தெளித்து வைத்திருந்த இடத்தில் கால் வழுக்கிவிட்டதாம். கையை ஊன்றினாளாம். இந்தப் பெண் தற்செயலாக அந்த வழியாக வந்தாளாம். 'தற்செயலாக' என்ற வார்த்தை வந்தாலே எனக்குக் காது நிமிரும். அவள் சொல்லி முடிக்கிறவரை கீழ்வீட்டுப் பெண் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவோ ஓடவில்லை.

என் மனைவி வயலின் ஆசிரியை. எட்டு வயதுக் குழந்தையிலிருந்து, பேரன் எடுத்த அம்மாள் வரை வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, தனக்கென்று அரைமணி நேரம் வாசிப்பாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் ஐந்து ராகத்தைக் கூட அடையாளம் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம் வாசிப்பு கேட்காவிட்டால் அன்றைய பொழுது எனக்கு முடிந்ததாகவே இருக்காது. வில் பிடிக்கிற கை வலது கை. அதனால் அந்த வீங்கிய கையைப் பார்த்ததும் எனக்குப் பதறியது உண்மை. ஆனால் பதற்றத்தோடு பதற்றமாகக் கண் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

வழுக்கி விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார். அது யோசித்துச் செய்வதல்ல, உடம்பே செய்வது. உள்ளங்கை தோல் உரியும், மண் ஒட்டும். இவள் உள்ளங்கை சுத்தமாக இருந்தது. விரல் முட்டிகள்தான் உரிந்திருந்தன. இடது முழங்காலுக்குக் கீழே நேர்கோடாக ஒரு கன்றல். நெற்றியில் குங்குமத்துக்கு மேலே, குறுக்காக, எதுவோ அழுத்திய தடம். கோயிலுக்குப் போனவள் கையில் பிரசாதமும் இல்லை, தலையில் பூவும் இல்லை.

பக்கத்து நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனேன். எலும்பு டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். வழுக்கிவிட்டது, கையை ஊன்றினேன் என்றாள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைவிரல் பக்கம் ரொம்ப வலிக்கிறது என்று அவள் சொன்னாள். ஊன்றி விழுந்தால் வலி அப்படிப் பரவும் என்றார் அவர். அவரிடம் சொல்லப்பட்ட கதைக்கு அது சரியான பதில்தான்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாக்குமூலம் வாங்கி முடிக்கிறவரை கையிலிருக்கும் ஆதாரத்தைக் காட்டக் கூடாது என்பது எங்கள் வேலையின் பாலபாடம். காட்டிவிட்டால் ஆள் கதையை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வான். மாவுக்கட்டு போட அவளை உள்ளே அழைத்துப் போனதும், சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்: உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லை. விரல் முட்டிகளில் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் நேராக வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போனேன். கீழ்வீட்டுப் பெண்ணின் வெள்ளை எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் அங்கே நின்றது. அதன்மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. மூன்று மாதமாக என் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரின் இடது பக்கத்தை யாரோ உரசிக்கொண்டேயிருந்தார்கள். ஒருமுறை இடது கண்ணாடியே மடங்கிக் கிடந்தது. கட்டடத்தில் மற்ற எல்லா வண்டியும் வரும்போது சத்தம் கேட்கும், இது ஒன்றுதான் பூனை மாதிரி வந்து நிற்கும். நோட்டீஸ் எழுதித் தூணில் ஒட்டினேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது பார்த்தால் வெள்ளை வண்டியின் வலது பக்கம் முழுக்கப் புதுக் கீறல். வலது பிரேக் பிடி வளைந்திருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பெண் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து இவளை இடித்திருக்கிறாள். ஸ்கூட்டர் இவள் முழங்காலில் பட்டிருக்கிறது, வண்டியும் சாய்ந்திருக்கிறது. என் மனைவி இளகிய மனசுக்காரி, அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வேண்டாமென்று மறைக்கிறாள். முட்டிகள் உரிந்தது ஏன்? பூக்கூடையை இறுக்கிப் பிடித்திருப்பாள். நெற்றித் தடம் ஏன்? அது பொருந்தவில்லை. ஒன்றிரண்டு பொருந்தாமல் இருப்பது சகஜம் என்று விட்டுவிட்டேன்.

பூக்காரம்மாவிடம் போனேன். அந்தத் தெருவில் யார் எப்போது எந்தச் சேலையில் போனார்கள் என்று பத்து நாள் கழித்துக் கேட்டாலும் சொல்லக்கூடியவள். அன்று மட்டும் அவளுக்குப் பார்வையே போய்விட்டது.

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் குனிஞ்சு பூ கட்டிக்கினு இருந்தேன். அம்மா கை இப்போ எப்படி கீது, அத்த சொல்லு மொதல்ல."

சொல்லிவிட்டு ஒரு முழம் மல்லிகையை அளந்து, அம்மா தலையில் வைக்கச் சொல் என்று என் கையில் திணித்தாள். சாட்சி பாதிக்கப்பட்டவருக்குப் பூ கொடுத்து அனுப்புகிறாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் கீழ்வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போது பிடித்துக்கொண்டேன். கீறலைக் காட்டினேன், பிரேக்கைக் காட்டினேன். என் மனைவியின் காலில் கன்றல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று என் காலிலேயே தொட்டுக் காட்டினேன். ஆபீஸில் இதைச் செய்யும்போது ஆட்களுக்கு வியர்க்கும். அவளுக்கு வியர்க்கவில்லை. தலையைத் தூக்கி எங்கள் பால்கனியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாவுக்கட்டு போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் மனைவி நின்றிருந்தாள்.

"ஆமாம் மாமா. நான்தான் இடிச்சுட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. விடவில்லை, எழுதிக் கொடு என்றேன். கோடு போட்ட தாளில், குழந்தைகளுக்கு எழுதிக் காட்டுகிற குண்டு எழுத்தில், கவனக்குறைவாக ஓட்டி மாமியின் மேல் இடித்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஓடாத வண்டிகளையும் ஒடியாத கால்களையும் பார்த்துப் பார்த்துச் சலித்தவனுக்கு, ரிட்டயரான பிறகு சொந்தமாக ஒரு கேஸ் கிடைத்து, அதுவும் இரண்டே நாளில் முடிந்திருந்தது.

மேலே கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். மெச்சிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு தடவை படித்தாள். "இதைக் கிழிச்சுப் போடுங்கோ" என்றாள். நான் கிழிக்கவில்லை, ஃபைலில் வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பிட வாங்கோ என்பதைத் தவிர அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. குற்றவாளி கீழ்வீட்டில் இருக்க என்மேல் ஏன் கோபம் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள், புடவை மாற்றினாள், சுவாமிக்கு நமஸ்காரம் பண்ணிவிட்டு வயலினை எடுத்தாள். வில்லை எடுத்ததும் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. கட்டைவிரல் வில்லைத் தாங்கவில்லை, ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று. மூன்றாவது தடவை இடது கையால் வில்லை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரம் பயிற்சி கொடுத்தும் சரியாகவில்லை. மாணவிகள் வந்து உட்காருவார்கள், அவள் வாயால் பாடிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பாள். சாயங்கால அரைமணி நேரம் நின்றேபோயிற்று. அந்த நேரத்தில் கீழ்வீட்டுக் குக்கர் விசில் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணை மனசுக்குள் திட்டினேன். கடைசியில் எலும்பு டாக்டரே அடையாறில் கைக்கென்று தனி நிபுணர் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் போகலாம் என்றாள். நான் இருக்கும்போது ஆட்டோ எதற்கு என்றேன். எங்கள் வீட்டில் அது பழைய வழக்கு. கல்யாணமான புதிதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டாள். நான் ஆபீஸிலிருந்து பத்து விபத்துப் போட்டோக்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை. டி. நகர் கடை, கல்யாண மண்டபம், கச்சேரி எல்லாவற்றுக்கும் நான்தான் கொண்டுவிட்டுக் கூட்டிவருவேன். அவள் என் பேச்சை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று முப்பத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராஜா அண்ணாமலைபுரம் தாண்டும்போது இடது பக்கம் ஒரு சைக்கிள்காரர் எங்கிருந்தோ முளைத்தார். கடைசி நொடியில் திருப்பினேன். அவர் கண்டபடி திட்டினார், நானும் திட்டினேன். பாலத்தில் ஒரு ஆட்டோ அதே மாதிரி இடது பக்கத்திலிருந்து குதித்தது. இந்த ஊரில் ஒருத்தனுக்கும் ஓட்டத் தெரியவில்லை என்றேன். பின்னால் அவளுடைய இடது கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

கை நிபுணர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் சாய்த்தார். அது போகக்கூடாத தூரத்துக்குப் போயிற்று. என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"விழுந்தப்ப கையில எதையாவது கெட்டியாப் பிடிச்சிருந்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பூக்கூடை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏன்னா, நீங்க செத்த வெளியில உக்காந்துண்டிருங்கோ."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் உட்கார்ந்தேன். ஆபீஸில் நானும் இப்படித்தான் செய்வேன். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வந்தால் ஒருத்தரை வெளியே உட்கார வைத்துவிட்டு மற்றவரிடம் கேட்பேன். ஒருத்தருக்குப் பயந்து மற்றவர் உண்மையைச் சொல்லாமல் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்த சங்கதி. பயப்பட வைக்கிற ஆளைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். இதை நினைத்ததும் நாற்காலியில் சரியாக உட்கார முடியவில்லை. முதலில் அவள்மேல் கோபம் வந்தது. என்னவெல்லாமோ தோன்றியது, எழுதத் தகாத சந்தேகம் கூட. பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது.

அவள் தலைகுனிந்திருந்தாள். டாக்டர்தான் பேசினார். வண்டியின் ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே விழுந்தால் கட்டைவிரல் அடியில் இருக்கிற ஜவ்வு கிழியும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் விழுந்தவர்கள் இப்போது அடிக்கடி இப்படி வருகிறார்கள். உடனே தெரிந்திருந்தால் தைத்துவிடலாம். இத்தனை வாரம் கழித்து என்றால் வேறு இடத்திலிருந்து தசைநார் எடுத்து ஆபரேஷன் பண்ண வேண்டும், பழைய பிடி முழுசாக வரும் என்று சொல்ல முடியாது.

"விழுந்த அன்னைக்கே முட்டி உரிஞ்சிருந்ததை யாராவது கவனிச்சிருந்தா சந்தேகம் வந்திருக்கும் சார்" என்றார்.

நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதில் இரண்டு வரியாக என் கையெழுத்தில் அது இருந்தது. நான் கவனித்திருந்தேன், நான் ஒருவன்தான் கவனித்திருந்தேன். அதை ஒரு டாக்டரிடம் சொல்லாமல், ஒரு டீச்சரை மடக்குவதற்குப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அந்த அறையில் எனக்கு ஏற்பட்ட அவமானம் இன்றும் அப்படியே இருக்கிறது.

"இன்னொண்ணு கேக்கணும். நீங்க கடைசியா எப்ப கண் டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்க?"

எனக்குப் புரியவில்லை. டாக்டர் என் முன்னால் நின்று, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் விரலை ஆட்டினார். வலது பக்கம் தெரிந்தது. இடது பக்கம் எப்போது ஆட்டுவார் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரமாக ஆட்டிக்கொண்டுதான் இருந்தாராம்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டதாம், எனக்கு இடது பக்கம் கண்ணில் விழுவதில்லை என்று. நான் எல்லோரையும் திட்டிக்கொண்டு ஓட்டுவேன், அவள் கண்ணை மூடிக்கொள்வாளாம். என்னிடம் ஓட்டாதேங்கோ என்று சொல்ல முடியாது. தானே ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டால் பேச்சில்லாமல் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். நான் பார்க்கில் நடக்கிற நேரத்தில், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கீழ்வீட்டுப் பெண்ணோடு ராஜா அண்ணாமலைபுரத்துக் காலித் தெருக்களில் ஒரு மாதமாக வண்டி ஓட்டிப் பழகியிருக்கிறாள். நெற்றியில் இருந்தது ஹெல்மெட் தடம்.

அன்று பழகிவிட்டுத் திரும்பும்போது பூக்காரம்மாவிடம் நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் இருந்த பெண் பூ வாங்க இறங்கினாள். இவளும் இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்திருக்கிறது. வழி விடுவதற்காக வண்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஆக்ஸிலரேட்டர் இருக்கிற வலது கைப்பிடியை முறுக்கிப் பிடித்து இழுத்தாள். சத்தம் இல்லையே, அணைந்திருக்கிறது என்று நினைத்தாளாம். என் பெட்ரோல் வண்டியின் பின்னால் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவளுக்கு, சத்தம் நின்றால் வண்டி நின்றது என்றுதானே தோன்றும். அது அவளை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. பிடியை விட்டிருந்தால் வண்டி மட்டும் போயிருக்கும். அடுத்தவள் வண்டியாச்சே என்று விடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா விசாரிப்பேள். நம்பமாட்டேள்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. இவள் வண்டி பழகியது தெருவில் பூக்காரம்மாவுக்குத் தெரியும், கீழ்வீட்டுக்குத் தெரியும், மாணவிகளில் பாதிப் பேருக்குத் தெரியும் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போனேன். நான் நோட்டீஸ் ஒட்டிய தூணைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கைப்பிடி உயரத்தில் பச்சைப் பெயின்ட் அடுக்கடுக்காக அப்பியிருந்தது. கட்டடத்தில் பச்சை வண்டி என்னுடையது ஒன்றுதான். நோட்டீஸைக் கிழித்துவிட்டு மாடிக்குப் போய், ஃபைலிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். தாளைத்தான் நீட்டினேன். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு, மாமி கைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள்.

ஆபரேஷன் ஆயிற்று. என் கண்ணுக்கும் வைத்தியம் நடக்கிறது. கண்ணில் அழுத்தமாம், போனது போனதுதானாம், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. வண்டியை விற்றுவிட்டேன். எங்கே போனாலும் ஆட்டோவில் இரண்டு பேருமாகப் போகிறோம்.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவள் பெட்டியைத் திறந்தாள். வில்லின் அடியில் ரப்பர் சுற்றி வைத்திருந்தாள், பிடி நழுவாமல் இருக்க. ஒரு கீர்த்தனையின் முதல் வரியை வாசித்தாள். சங்கீதம் தெரியாத எனக்கே தெரிந்தது, சத்தம் நடுங்கியது, இரண்டு இடத்தில் கீறிக்கொண்டு போயிற்று. வில்லை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நன்னாருக்கு" என்றேன்.

அவளுக்கா தெரியாது. ஆயிரம் பேர் வாசிப்பைத் திருத்திய காது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நானாக இருந்தால் எங்கே நன்றாக இருந்தது, எந்த இடத்தில், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு அதே வரியை மறுபடி எடுத்தாள்.